ஃபோலிக் அமில எதிர்ப்பிகளும் இரத்தப் புற்றுநோயும்

ஃபோலிக் அமில எதிர்ப்பிகள் என்பவை, உயிரணுக்கள் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்வதைத் தடுக்கும் வேதிப்பொருட்கள் ஆகும். அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. குழந்தைகளுக்கு வரும் தீவிர இரத்தப் புற்றுநோயை முதன்முதலில் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்த மருந்து அமினோப்டெரின் (1947-48). அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், இரத்தப் புற்றுநோய்க்கும் சில வகை நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் இன்றும் தவிர்க்க இயலாத மருந்தாக விளங்குகின்றது.

இம்மருந்துகளின் வரலாறு புற்றுநோய் ஆய்வில் தொடங்கவில்லை. கருவுற்ற இந்தியப் பெண்களின் இரத்தச்சோகையைப் பற்றிய ஆய்வில் தொடங்குகின்றது. அவ்வாய்வின் ஒரு பகுதி 1929 ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் நடைபெற்றது. மருந்தை உருவாக்கிய ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அம்மருந்தை உள்ளடக்கிய சிகிச்சைத் திட்டத்தின் மூலம் இந்தியக் குழந்தைகளைக் குணப்படுத்த இயலும் என்று காட்டிய மூன்று மருத்துவமனைகளுள் ஒன்று சென்னை அடையாற்றில் உள்ளது.

ஃபோலிக் அமிலமும் இரத்த உற்பத்தியும்

ஃபோலிக் அமிலம் பி உயிர்ச்சத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'ஃபோலியம்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு இலை என்று பொருள். கீரைகள், பருப்பு வகைகள், ஈரல், ஈசுட்டு ஆகியவற்றில் இது மிகுதியாக உள்ளது. நெடுநேரம் கொதிக்க வைத்தால் பெருமளவு அழிந்துவிடும். ஆகவே கீரையைக் குழைய வேகவைத்து நீரையும் வடித்துக் கொட்டுவது நல்ல பழக்கம் அன்று.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி. என். ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். டி. என். ஏ.யின் நான்கு 'எழுத்துக்களில்' ஒன்றான தைமினை உருவாக்க ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவம் தேவைப்படுகின்றது. உடலில் மிக விரைவாகப் பிரியும் அணுக்களில் எலும்பு மச்சையில் உள்ள இரத்த முன்னணுக்களும் அடங்கும் என்பதால், ஃபோலிக் அமிலக் குறைபாடு முதலில் இரத்தத்தில்தான் தெரியும். முன்னணுக்கள் பருத்துக்கொண்டே போகும், பிரிய மாட்டா. இதன் விளைவாக எண்ணிக்கையில் குறைந்த, அளவில் பெருத்த சிவப்பணுக்கள் உருவாகின்றன. இந்நிலை பேரணு இரத்தச்சோகை எனப்படும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே வெளுப்புதான். நுண்ணோக்கியின் கீழ்தான் எதிரெதிராகத் தெரியும்.

லூசி வில்ஸும் குன்னூரும்

லூசி வில்ஸ் (1888-1964) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்றவர். பெண்களுக்கு அப்போது கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்குவதில்லை என்பதால் தேர்வில் தேறியும் பட்டம் பெறவில்லை. பின்னர் இலண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920 இல் மருத்துவரானார்.

1928 இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். பிரசவ கால மரணங்களைப் பற்றிய விசாரணை ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. இதில் ஈடுபட்டிருந்த மருத்துவர் மார்கரெட் பால்ஃபர், கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட ஒரு கொடிய இரத்தச்சோகையை ஆராய வில்ஸை அழைத்தார். பம்பாய் ஆஃப்கின் நிலையம் அவருடைய முதன்மைப் பணியிடம். நோயாளிகளில் பலர் பம்பாயின் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள். காய்கறி, பழம், பால் ஆகியன அவர்களது உணவில் மிகக் குறைவு. குறிப்பாக, வீட்டைவிட்டு வெளியே வராத ஏழை இசுலாமியப் பெண்களிடையே இந்நோய் கூடுதலாக இருந்தது. நோய்க்கிருமி எதுவும் காரணம் அன்று என்பதை உறுதி செய்த பின்னர் வில்ஸ் உணவின் பக்கம் திரும்பினார்.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றினார். 1907 இல் நிறுவப்பட்ட இந்நிலையம் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காக அறியப்பட்டது. ஆயினும் அதன் வளாகத்தில் இன்னொரு முக்கிய ஆய்வும் நடைபெற்றது. இராபர்ட் மெக்காரிசன் 1918 இல் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகம் ஆனது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிடுவது மெக்காரிசனின் புகழ்பெற்ற சோதனை. கோதுமை ரொட்டி, பால், காய்கறி கலந்த பஞ்சாபிய உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன; அரிசியை மையமாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன. (இவ்வாய்வகம் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதுவே.)

மக்களின் உணவை விலங்குக்குக் கொடுத்து நோயை வரவழைக்கும் இதே வழியை வில்ஸும் பின்பற்றினார். பம்பாய்ப் பெண்களின் உணவைப் பெற்ற எலிகளுக்கு இரத்தச்சோகை வந்தது. சினையுற்றவை ஈனும் முன்பே இறந்தன. உணவுடன் ஈசுட்டைச் சேர்த்தபோது சோகை தடுக்கப்பட்டது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. எலிகளின் உடலில் பேன்கள் வழியே பரவும் பார்ட்டோனெல்லா என்னும் நுண்ணுயிரியும் சோகையை உண்டாக்கவல்லது. எனவே எலிகளில் கண்ட சோகைக்கு உணவு எவ்வளவு காரணம், நுண்ணுயிரி எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. வில்ஸ் அச்சோதனையைக் குரங்குகளில் மீண்டும் செய்து பார்த்தார். குறைவுணவு பெற்ற குரங்குகளுக்கும் பேரணு இரத்தச்சோகை தோன்றியது.

1931 இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில் இருந்தார். திருவல்லிக்கேணியில் உள்ள கோசா மருத்துவமனையில் (இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனை) பணியாற்றினார். அவ்வாண்டு சூன் மாதம் பிரித்தானிய மருத்துவ இதழில் அவரது கட்டுரை வெளிவந்தது. ஈசுட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான, ரொட்டியில் தடவி உண்ணும் பசை, கருவுற்ற பெண்களின் பேரணு இரத்தச்சோகையைக் குணப்படுத்துகின்றது என்பதே அதன் சாரம். உயிருக்குப் போராடிய பெண்களுக்குச் சில நாட்களிலேயே பசி திரும்பியது. இரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் பெருகின.

அப்போது அறியப்பட்டிருந்த எந்த உயிர்ச்சத்தும் இதற்குப் பொறுப்பாகத் தெரியவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாறு இச்சோகையைக் குணப்படுத்தியது. ஆனால் மற்றொரு வகைச் சோகைக்குப் பயன்பட்ட தூய்மைப்படுத்திய ஈரல் சாற்றால் பயனில்லை. ஈரலில் இரு வேறு பொருட்கள் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. ஒன்று பின்னாளில் பி12 என அறியப்பட்டது. மற்றது பல ஆண்டுகள் 'வில்ஸ் காரணி' என்றே அழைக்கப்பட்டது. 1941 இல் அமெரிக்காவின் டெக்சாசு பல்கலைக்கழகத்தினர் நான்கு டன் பசலைக் கீரை வகையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். வில்ஸ் தேடிய பொருளும் அதுவே என்பது பின்னர் விளங்கியது.

எல்லப்பிரகடா சுப்பாராவ்

எல்லப்பிரகடா சுப்பாராவ் (1895-1948) அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். அப்பள்ளி திருவல்லிக்கேணியில் உள்ளது. பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை அரங்கில் கதர் உடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். அவருக்கு எம்.பி.பி.எசு. பட்டம் தரப்படவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எசு. சான்றே கிடைத்தது. சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு 1922 இல் அமெரிக்கா சென்றார்.

அவரது சகோதரர்கள் இசுப்புரூ என்னும் வெப்பமண்டலக் குடல் நோயால் இறந்தனர். அந்நோய் அவரையும் தாக்கியது, அவர் பிழைத்துக்கொண்டார். இந்நோயில் குடல் உணவுச்சத்தை உறிஞ்சாது. ஃபோலிக் அமிலக் குறைபாடும் பேரணு இரத்தச்சோகையும் உடன் வரும். சுப்பாராவ் ஆண்டுக்கணக்கில் ஈரல் சாற்றை ஆராய்ந்தமைக்கு இது ஒரு காரணம்.

ஆர்வர்டில் பாசுபரசின் அளவைக் கணக்கிடும் முறை ஒன்றை சைரசு ஃபிசுகேயுடன் சேர்ந்து வகுத்தார் (1925). தசைச் சுருக்கத்துக்கு ஆற்றல் தரும் பாசுபோகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புகளிலும் அவருக்குப் பங்குண்டு. 1940 இல் லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரது தலைமையில் இயங்கிய குழு 1945 இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் இவ்வாய்வகத்திலேயே உருவானது.

ஒரு மூலக்கூற்றைக் கட்டத் தெரிந்தவருக்கு அதைச் சற்று மாற்றிக் கட்டவும் தெரியும். லெடர்லே வேதியியலாளர்கள் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் அதன் வேலையைச் செய்யாத பல பொருட்களை உருவாக்கினர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். ஃபோலிக் அமில மூலக்கூற்றில் ஓரிடத்தில் உள்ள ஐதராக்சில் தொகுதிக்குப் பதிலாக அமினோ தொகுதி இருப்பதே வேறுபாடு. இன்னோர் இடத்தில் மெத்தில் தொகுதியையும் சேர்த்தால் மெத்தோட்ரெக்சேட் கிடைக்கும்.

பாசுட்டன் சோதனை

பாசுட்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் வல்லுநராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். அக்காலத்தில் தீவிர இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்துவிடும். இரத்தம் ஏற்றுவதைத் தவிர மருத்துவர்களால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. நைட்ரசன் மசுடர்டு என்னும் பொருள் நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டிகளைச் சுருக்குவது 1942 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் காணப்பட்டு, 1946 இல் வெளியிடப்பட்டிருந்தது. குழந்தைகளின் தீவிர இரத்தப் புற்றுநோயில் அத்தகைய பயன் கிட்டவில்லை.

ஃபோலிக் அமிலம் கட்டிகளைக் கட்டுப்படுத்தக்கூடும் என்று எலிச் சோதனைகளிலிருந்து ஒரு கருத்து அப்போது நிலவியது. அதன்படி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தை ஒத்த பொருட்களைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, எலும்பு மச்சையில் புற்றணுக்கள் முன்னிலும் விரைந்து பெருகின. நோய்க்கு உரமிட்டது போல் ஆயிற்று. ஆனால் இதிலிருந்து ஃபார்பர் எதிர்த்திசையில் ஒரு முடிவுக்கு வந்தார்: ஃபோலிக் அமிலம் கொடுத்தால் புற்றணு வளர்கின்றது என்றால், அதை மறித்தால் புற்றணு பட்டினி கிடக்க வேண்டும். அவர் சுப்பாராவின் குழுவிடமிருந்து எதிர்ப்பிகளைப் பெற்றார்.

1947 திசம்பரில் அமினோப்டெரின் கொடுக்கத் தொடங்கினார். 1948 சூன் 3 ஆம் நாள் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டதாக அறிவித்தார். மண்ணீரல் சுருங்கியது, இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பை நெருங்கியது, நடக்க இயலாதிருந்த குழந்தைகள் நடந்தனர். கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிக' என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. சில மாதங்களில் நோய் திரும்பியது. மருந்து இரண்டாம் முறை அவ்வளவாக வேலை செய்யவில்லை. சுப்பாராவ் அவ்வாண்டு ஆகத்து மாதம் 53 ஆம் வயதில் காலமானார். தம் ஆய்வகத்தின் மருந்து குழந்தைகளைக் குணப்படுத்துவதை அவர் காணவில்லை. 1995 இல் அவரது நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

மெத்தோட்ரெக்சேட் செயல்படும் விதம்

ஃபோலிக் அமிலம் உண்ட வடிவில் பயன்படாது. டைஐதரோஃபோலேட்டு ரிடக்டேசு என்னும் நொதி அதை ஒடுக்கிச் செயல்வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். மெத்தோட்ரெக்சேட் இந்நொதியின் பிடியில் சென்று ஒட்டிக்கொள்கின்றது. இயல்பான ஃபோலேட்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலுவாக ஒட்டுவதால் நொதி முடங்குகின்றது. பூட்டுக்குள் நுழைந்து திரும்பாமல் மாட்டிக்கொண்ட சாவியை இதற்கு உவமையாகக் கூறலாம்.

தைமின் உற்பத்தி நின்றால் பிரியும் அணு மடிகின்றது. புற்றணு மட்டுமன்று, வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வு, எலும்பு மச்சை ஆகியவையும் பாதிக்கப்படும். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளையணுக் குறைவு ஆகிய பக்கவிளைவுகள் இதனாலேயே ஏற்படுகின்றன. மருந்தை மிகுந்த அளவில் கொடுத்த பின்னர், குறித்த நேரத்தில் லியூகோவோரின் என்னும் ஒடுக்கப்பட்ட ஃபோலேட்டைக் கொடுத்து இயல்பான அணுக்களை மீட்பது ஒரு முறை. லியூகோவோரினுக்கு அந்நொதியின் உதவி தேவையில்லை.

நோய் திரும்பியமைக்குப் புற்றணுக்களின் தகவமைப்பே காரணம். சில அணுக்கள் அந்நொதிக்குரிய மரபணுவைப் பல படிகள் எடுத்து நொதியைப் பெருக்கிக்கொள்கின்றன. மருந்தை உள்ளே விடாமலும் தடுக்கின்றன. ஒரே மருந்தால் வெல்ல இயலாது என்று உணர்ந்த அமெரிக்க மருத்துவர்கள் 1960களில் வின்கிரிசுட்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தனர். இவற்றுள் வின்கிரிசுட்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. நம்மூர் வேலியோரங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பூக்கும் அதே செடி. தென்தமிழ்நாட்டில் மருந்துக்காகவே பயிரிடப்படுகின்றது.

இன்னொரு தடை மூளை. இரத்தத்தில் உள்ள மருந்து மூளையைச் சூழ்ந்த நீர்மத்துக்குள் போதிய அளவு செல்வதில்லை. உடலெங்கும் நோய் நீங்கிய பின்னரும் அங்கே ஒளிந்திருக்கும் புற்றணுக்கள் நோயைத் திரும்பக் கொண்டுவந்தன. மெம்பிசு நகரின் புனித யூதா மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல், தலைக்குக் கதிரியக்கமும் முதுகுத்தண்டு நீர்மத்துக்குள் நேரடியாக மெத்தோட்ரெக்சேட் ஊசியும் கொடுத்தார். 1967 இல் தொடங்கிய அத்திட்டத்தில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் குணமடைந்தனர். ஃபார்பரின் சோதனைக்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள்.

நோயைக் கண்டறிதல்

இரத்தப் புற்றுநோயின் தொடக்கக் குறிகள் வெளுப்பு, விடாத காய்ச்சல், எலும்பு வலி, தோலில் செம்புள்ளிகள், ஈறில் இரத்தக் கசிவு என்பன. இவை ஒவ்வொன்றும் இந்நாட்டில் வேறு பல எளிய நோய்களுக்கும் உரியவை. வெளுத்த குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்து கொடுப்பது வழக்கம்; பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் இரத்த அணுக்களைச் சோதிக்காமல் இசுட்டீராய்டு மாத்திரை கொடுப்பது ஆபத்தானது. இசுட்டீராய்டு இந்நோய்க்கும் ஒரு மருந்து என்பதால் புற்றணுக்கள் சில வாரங்களுக்கு மறைந்துவிடும்; குழந்தை தேறிவிட்டது போலத் தோன்றும். பின்னர் நோய் திரும்பும்போது கண்டறிவதும் குணப்படுத்துவதும் கடினமாகின்றன.

உறுதி செய்வதற்கு இடுப்பெலும்பிலிருந்து மச்சையை எடுத்துச் சோதிக்க வேண்டும். நுண்ணோக்கியில் முதிராத அணுக்களின் தோற்றத்தைக் காண்பது முதல் படி. அணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை ஓட்ட அணு அளவி என்னும் கருவியால் கண்டறிந்து, பி-வகையா டி-வகையா என முடிவு செய்வது அடுத்த படி. நிறப்புரி மாற்றங்களையும் பார்க்க வேண்டும். மருந்தின் வீரியத்தை முடிவு செய்ய அவை உதவுகின்றன. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில், பத்தாயிரம் அணுக்களுள் ஒன்று புற்றணுவாக எஞ்சியிருந்தாலும் இன்றைய சோதனைகளால் கண்டுபிடிக்க இயலும்.

நிணநீர்ப் புற்றுநோயில் குழப்பம் வேறு வகைப்பட்டது. கழுத்தில் நெறிக்கட்டி வந்தால் நம் நாட்டில் முதலில் காசநோய் என்றே ஐயுறுவர். மெல்லிய ஊசியால் எடுக்கும் சில அணுக்களைக் கொண்டு முடிவு செய்யாமல், கணுவை அறுத்தெடுத்துச் சோதிப்பதே நம்பத்தக்கது. மெத்தோட்ரெக்சேட் புர்கிட் வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் மூளையில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் முக்கிய மருந்தாகும்.

அடையாறும் எம்சிபி-841 திட்டமும்

அடையாறு புற்றுநோய் நிலையம் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 சூனில் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. அவரது தங்கை புற்றுநோயால் இறந்தது அம்முயற்சிக்குத் தூண்டுதலாக இருந்தது. அவரது மகன் மருத்துவர் சா. கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் (1927-2021) நிலையத்தை வளர்த்தனர். குழந்தைகளுக்கென ஒரு தனிப் புற்றுநோய்ப் பிரிவு 1960 இலேயே இங்கு தொடங்கப்பட்டது.

மருந்துகள் இருந்தன, ஆனால் பலன் கிட்டவில்லை. 1970களில் இந்தியாவின் சிறந்த புற்றுநோய் மருத்துவமனைகளில்கூட தீவிர நிணவணு இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளிலும் இளைஞரிலும் நோயின்றி நீடித்தோர் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே காலத்தில் மேலைநாடுகளில் பாதிப்பேர் குணமடைந்துகொண்டிருந்தனர். மேலைநாட்டுத் திட்டங்களை அப்படியே இங்கு செயற்படுத்த இயலாமைக்குக் காரணங்கள் பல. மருந்து வீரியம் கூடினால் வெள்ளையணுக்கள் குறையும். அப்போது தொற்று வந்தால் உயர்தர எதிருயிரி மருந்துகளும் தட்டணுக்களும் உடனே வேண்டும். மிகுந்த அளவில் மெத்தோட்ரெக்சேட் கொடுக்க வேண்டுமானால் இரத்தத்தில் அதன் அளவை நாள்தோறும் அளக்கும் ஆய்வகம் வேண்டும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த இயன் மக்ராத், உகாண்டாவில் நிணநீர்ப் புற்றுநோய் சிகிச்சை மையத்தில் பணியாற்றி வறிய நாடுகளின் நிலையை நேரில் அறிந்தவர். அவரும், அடையாறு நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் இணைந்து 1984 இல் ஒரு பொதுத் திட்டத்தை வகுத்தனர். அதுவே எம்சிபி-841. பல்மையத் திட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்துடன் 84 என்னும் ஆண்டும் வரிசை எண் ஒன்றும் சேர்ந்தது இப்பெயர்.

இத்திட்டத்தில் புதிய மருந்து எதுவும் இல்லை. பிரெட்னிசோலோன், வின்கிரிசுட்டின், டானோரூபிசின், அசுபராசினேசு ஆகியவற்றுடன் தொடக்கம், முதுகுத்தண்டு நீர்மத்துக்குள் மெத்தோட்ரெக்சேட், தலைக்குக் கதிரியக்கம், பின்னர் சைக்ளோபாசுபமைடு, சைட்டாரபின், இறுதியில் நீண்ட பராமரிப்புக் கட்டத்தில் மெர்காப்டோபியூரினும் மெத்தோட்ரெக்சேட்டும். மிகுந்த அளவு மெத்தோட்ரெக்சேட் சேர்க்கப்படவில்லை. எல்லா நோயாளிக்கும் ஒரே திட்டம், மூன்று மருத்துவமனைகளிலும் ஒரே வகைப் பதிவு. இதன் வலிமை புதுமையில் அன்று, ஒழுங்கில் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

முடிவுகள் 2005 இல் விரிவாக வெளியாயின. 1990 முதல் 1997 வரை சிகிச்சை பெற்ற 1048 நோயாளிகளின் விவரங்களும் அதில் அடங்கும். நான்காண்டு இறுதியில் நோய் திரும்பாமல் இருந்தோர் 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்னும் நிலையிலிருந்து 45 முதல் 60 விழுக்காடு வரை உயர்ந்தனர்.

அவ்வறிக்கையில் இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இந்திய நோயாளிகளின் நோய் மேலைநாட்டினருடையதைப் போன்றதன்று. மருத்துவமனைக்கு வரும்போதே வெள்ளையணு எண்ணிக்கை கூடுதலாகவும், நெறிக்கட்டிகளும் ஈரல், மண்ணீரல் வீக்கமும் மிகுதியாகவும் இருந்தன. குணப்படுத்தக் கடினமான டி-வகை நோய் மேலைநாடுகளைவிட மிகுதி, அதிலும் சென்னையில் குறிப்பிடத்தக்க அளவு மிகுதி. மேலைநாடுகளில் வயதைக் கொண்டு நோயின் போக்கைக் கணிப்பர். இங்கே மூன்று மையங்களிலும் அக்கணிப்பு பொருந்தவில்லை. வெளிநாட்டுப் பாடநூலின் விதியை அப்படியே எடுத்தாள இயலாது என்பதற்கு இது நல்ல சான்று.

இதன் தொடர்ச்சியாக இந்தியக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான கூட்டுக்குழு ஒன்று உருவானது. 2016 இல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய அதன் ஆய்வில், எம்சிபி-841 இல் இருந்தது போல் அனைவருக்கும் ஒரே வீரியம் என்றில்லாமல், நோயின் தன்மைக்கேற்ப மருந்து கூட்டியும் குறைத்தும் கொடுக்கப்பட்டது. நோய் திரும்பிய பி-வகையினருக்கு, நோயாளியின் சொந்த டி-அணுக்களை மரபணு மாற்றம் செய்து திரும்பச் செலுத்தும் சிகிச்சை உள்ளது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி, டாட்டா நினைவு மருத்துவமனையில் சோதிக்கப்பட்ட இவ்வகைச் சிகிச்சை ஒன்றுக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்க விலையின் ஒரு சிறு பகுதியே ஆனாலும், அது பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத தொகைதான். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையோ சில ரூபாய்.

பராமரிப்புக் கட்டமும் தொலைவும்

பராமரிப்புக் கட்டம் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை நீளும். குழந்தை நலமாகவே இருக்கும், பள்ளிக்கும் செல்லும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது இந்தியாவில் தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம் எனக் கண்டறியப்பட்டுள்ளது. மருந்து விலையைக் காட்டிலும் பயணமும் இழந்த கூலியுமே பல குடும்பங்களை நிறுத்துகின்றன. கூடலூர் அல்லது கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலிக்கு இலை பறிப்பவர், குழந்தையுடன் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கோ அதற்கப்பாலோ ஒருமுறை சென்றுவர ஒன்றிரண்டு நாள் கூலியை இழக்க வேண்டும். மாநில அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் (2009 முதல்) சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை ஏற்றாலும் இவ்விழப்பை ஈடு செய்வதில்லை. பராமரிப்புக் கட்டத்தில் தேவைப்படும் இரத்த அணு எண்ணிக்கைச் சோதனைக்கு உயர்சிறப்பு மருத்துவமனை தேவையில்லை. மாவட்ட அளவிலேயே செய்து, முடிவைத் தொலைபேசியில் தெரிவித்து மருந்தளவைக் கேட்டறிய இயலும். உதகமண்டலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. அதனுடன் இணைந்த 700 படுக்கை மருத்துவமனை 2025 ஏப்ரலில் செயல்பாட்டுக்கு வந்தது.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பராமரிப்புக் கட்டத்தில் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை எனத் தவறாக எண்ணி உட்கொண்டதால் உலகெங்கும் மரணங்கள் நேர்ந்துள்ளன. மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரை எழுதித் தருமாறு கேட்டுப் பெறுவது நல்லது. மூட்டுவாதத்துக்கு இதே மருந்தைச் சிறிய அளவில் உட்கொள்வோருக்குப் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் உடன் தருவர். இரத்தப் புற்றுநோய்க்கு உட்கொள்ளும் குழந்தைக்கு, மருத்துவர் சொல்லாமல் ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையோ மருந்தோ வாங்கிக் கொடுத்தல் கூடாது.